பாஸ்டனுக்கு முன்பே தூத்துக்குடியில் கிறிஸ்துமஸ்… தெரியுமா?

1659-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பாஸ்டன் நகரம் இருக்கும் அதே பகுதியில், ஒரு சட்டம் போட்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்! அந்தச் சட்டம் 1681 வரை உயிரோடு இருந்தது. அதற்கும் முன்பே, 1647-இல், இங்கிலாந்து நாடாளுமன்றமே கிறிஸ்துமஸைத் தடை செய்திருந்தது. விளையாட்டுப் பேச்சு இல்லை, வரலாறு!

அந்த வருடங்களில் நம் தூத்துக்குடிக் கடற்கரையில், அதாவது முத்துக்குளித்துறையில், என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு இங்கே அப்போதே நூறு வயது தாண்டிவிட்டது! 1535 முதல் 1537-க்குள் இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்கள் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்ற ஏழு கடல்துறைகளிலும் டிசம்பர் 25 திருநாள் ஆகிவிட்டது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸுக்குப் பொது விடுமுறை கிடைத்ததே 1958-இல்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இன்னும் இருக்கிறது. 'சைலண்ட் நைட்' பாட்டு முதன்முதலில் ஆஸ்திரியாவில் ஒலித்தது 1818. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை லண்டனில் அச்சானது 1843. விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் மரத்தடியில் நிற்கும் படம் பத்திரிகையில் வந்து, அதைப் பார்த்து ஊரெல்லாம் மரம் வைத்தது 1848-க்குப் பிறகு. எதையெல்லாம் கிறிஸ்துமஸின் அடையாளம் என்று நினைக்கிறோமோ, அவற்றில் பாதி நம் கடற்கரைக் கிறிஸ்துமஸை விட வயதில் இளையவை! இன்று உலகம் கைக்கொள்ளும் கிரிகோரியன் நாள்காட்டியே 1582-இல்தான் வந்தது. பரதவர்களின் முதல் சுமார் நாற்பத்தைந்து கிறிஸ்துமஸ் பண்டிகைகள் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி நடந்தவை!

சரி, அவ்வளவு பழைய பண்டிகை வீட்டுக்குள் எப்படி வந்தது? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்க்கும். கொண்டுவந்தவர்கள் குழந்தைகள்!

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அவருக்கு இங்கேதான். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் தெரிந்த சிலரைக் கூட்டி உட்காரவைத்து, மாதக்கணக்கில் பாடுபட்டு, செபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணிச்சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பிள்ளைகள். ஒரு நாளுக்கு இருமுறை சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேலையும் கொடுத்தார்: வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குக் கற்றுக்கொடுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் கற்றுக்கொடுங்கள்! 1544 ஜனவரி 15-ஆம் தேதி கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. நோயாளிகள் வீட்டுக்குக்கூட அவர் சிறுவர்களைத்தான் அனுப்பியிருக்கிறார்.

பெரியவர்கள் சொல்லிப் பிள்ளைகள் கற்பதுதானே உலக வழக்கம்? இந்தக் கரையில் பிள்ளைகள் சொல்லிப் பெரியவர்கள் கற்றிருக்கிறார்கள்! இன்றைக்கும் டிசம்பர் பிறந்தால் வீட்டில் முதலில் பரபரப்பது பிள்ளைகள்தான். டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அன்றைக்கே பாட்டிமார் ஆரம்பித்துவிடுவார்கள்: "ஏல மக்கா, நட்சத்திரம் கட்டலியா? எதிர்வீட்டுல கட்டியாச்சு பாரு!"

அச்சு விஷயத்திலும் இந்தக் கரை முந்திக்கொண்டது தெரியுமா? இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் புத்தகமே தமிழ்தான். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', பதினாறே பக்கம்! அதைத் தமிழில் ஆக்கிய அண்டிரிக் அடிகளார் பல்லாண்டு வாழ்ந்தது புன்னைக்காயலில். தாமிரபரணி கடலில் சேரும் அந்தச் சின்ன ஊரிலேயே 1586-இல் புனிதர்களின் வரலாறுகளை ஒரு பெரிய புத்தகமாக அச்சிட்டார். ஒரு மீனவர் ஊரில், நானூறு வருடத்துக்கு முன்னால், தமிழ் அச்சகம்!

இப்படி வேர்விட்ட பண்டிகைக்கு ஒரு சோதனையும் வந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் கோயில்கள் பறிபோயின. பால்டேயஸ் என்ற டச்சுப் பாதிரியார் பரதவர்களைத் தம் சபைக்கு இழுக்க முயன்றார். ஒன்றும் நடக்கவில்லை! சனங்கள் ஊருக்கு வெளியே போய்ப் பூசை கண்டுவிட்டு வந்தார்கள். பண்டிகை வீட்டுக்குள் வேர்பிடித்துவிட்டால் கோட்டையைப் பிடித்தவராலும் அதைப் பிடுங்க முடியாது. அந்த டச்சுக் காலம் முடியும் முன்பே, 1713-இல், இன்றைய பனிமய மாதா கோயில் எழுந்தது. 1750-இல் டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று பரிசுத்த திரித்துவ ஆலயம் கட்டினார்கள். இரண்டும் இன்றைக்கும் நிற்கின்றன. 24-ஆம் தேதி இரவு கடற்கரைச் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். மாதா கோயிலில் நடுஜாமப் பூசைக்கு நிற்கிற கூட்டத்தில் பட்டுச்சேலை சரசரப்பும், தூக்கம் கலையாத குழந்தைகளின் புதுச்சட்டை வாசனையும்… அதை அனுபவித்தால்தான் தெரியும்!

இப்போது அடுக்களைக்கு வருவோம். வந்தால் சீக்கிரம் வெளியே போக மனசு வராது.

தூத்துக்குடி மக்ரூன் சாப்பிட்டிருப்பீர்கள். அது எத்தனை கடல் தாண்டி வந்தது தெரியுமா? ஐரோப்பாவில் மக்ரூன் பாதாம் பருப்பில் செய்வது. நம் ஊர் மக்ரூனில் முந்திரி. முந்திரி மரமோ பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியா வந்தது! ஐரோப்பியப் பலகாரம், அமெரிக்க மரத்தின் கொட்டை, நம் ஊர்க் கோழி முட்டை. மூன்றும் சந்தித்த இடம் ஒரு தூத்துக்குடி பேக்கரி. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரியில் பனைக்கு நடுவே முந்திரி தழைத்து நிற்பதைப் பார்ப்பவர்கள், அந்த மரம் வேறு கண்டத்திலிருந்து வந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

செய்முறை அதைவிட ஆச்சரியம்! பொருள் மூன்றே மூன்று: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித்தூள். மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது. வெள்ளைக்கருவை அடித்து நுரைக்க வைக்க வேண்டும். அதில் ஒரு துளி மஞ்சள்கரு விழுந்தாலும் போச்சு. மஞ்சள்கருவில் இருக்கும் கொழுப்பு நுரையை எழும்ப விடாது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அதே கதிதான். நுரை நின்றதும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்து, காகிதக் கூம்பில் அடைத்து, கையால் சுழித்துச் சுழித்துக் குட்டிக் கோபுரங்களாகப் பிழிவார்கள். பிறகு இளஞ்சூட்டில் பல மணி நேரம் காயவிடுவார்கள். சூடு கூடினால் நிறம் மாறிவிடும், குறைந்தால் உள்ளே பிசுபிசுக்கும். வெந்து வந்ததும் காற்றுப் புகாமல் மூட வேண்டும். டிசம்பரில் இந்தக் கடற்காற்றில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் நமுத்துப் போகும்! ஈரக்காற்று வீசும் ஊரில், மழை மாதத்தில், ஈரமே ஆகாத ஒரு பலகாரத்தைப் பண்டிகைப் பலகாரமாக்கிக் காட்டியிருக்கிறார்களே, அந்தக் கைகளுக்கு வந்தனம்.

முதலூர் மஸ்கோத் அல்வா இதற்கு நேர்மாறு. முதலூர் 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான ஊர். அங்கே கிண்டும் அல்வாவில் ஒரு சொட்டு நெய் கிடையாது! எல்லாம் தேங்காய்ப்பால். கை ஓயாமல் கிண்டக் கிண்ட, தேங்காய்ப்பாலே எண்ணெய் கக்கி அல்வாவைப் பளபளக்க வைக்கும். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் சென்னைக்காரர்களும் மும்பைக்காரர்களும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போவது இதைத்தான்.

வீட்டு அடுப்பில் ஆவது தனி. அச்சுமுறுக்குக்கு அச்சு முதலில் எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். காயாத அச்சில் மாவு ஒட்டாது. முந்திரிக்கொத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி. டிசம்பரில் பதநீர் கிடையாது, ஆகவே கோடையில் காய்ச்சி எடுத்து வைத்த கருப்பட்டிதான் அடுக்களைப் பரணிலிருந்து இறங்கும். கேக் மட்டும் பல வீடுகளில் பாதி வீட்டு வேலை, பாதி கடை வேலை. மாவு கலக்குவது அம்மாவும் அத்தையும். வேகவைப்பது தெருமுனை பேக்கரி அடுப்பில். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பது வீட்டுப் பொடியன் வேலை. "யார் மாவு இது? முட்டை எத்தனை போட்டீங்க மதினி?" என்று அங்கே நடக்கும் விசாரணை கேக்கை விடச் சுவை!

குடில் விஷயம் கேளுங்கள். இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு, அசிசியின் புனித பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி ஒரு குடில் அமைத்தார். உலகத்துக் குடில்களுக்கெல்லாம் பாட்டி அதுதான். நம் வீடுகளில் குடில் வேலை டிசம்பர் தொடக்கத்திலேயே மண்ணில் ஆரம்பித்துவிடும். தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ விதைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். 24-ஆம் தேதிக்குள் குடிலைச் சுற்றிப் பச்சை வயல்! காக்கித்தாளைக் கசக்கிச் சாயம் பூசினால் மலை. கண்ணாடித் துண்டு வைத்தால் குளம். பல வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு: பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் தீவனத் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம். பாலனுக்கு மெத்தை அப்படித்தான் சேர வேண்டும். தம்பியை அடிக்காமல் இருந்ததற்கு ஒன்று, பாட்டிக்குத் தண்ணீர் மோந்து கொடுத்ததற்கு ஒன்று! நடுஜாமம் வரை தொட்டி காலி. பூசை முடிந்து வந்ததும் வீட்டின் கடைக்குட்டி கையால் பாலனை வைப்பார்கள். அந்த நொடியில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் தாத்தாக்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு சந்தோஷமும் எந்த மாதத்தில் நடக்கிறது என்று யோசித்தீர்களா? தூத்துக்குடியின் கை காயும் மாதத்தில்! வாடைக்காற்றில் கடல் கலங்கிக் கிடக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையேறிவிடும். மழை விழுந்தால் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். பாத்தியில் நன்னீர் நின்றால் உப்பு விளையாதே! உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுப்பது இதற்காகத்தான். முத்துக்குளிப்பு எப்போதோ நின்றுவிட்டது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961. பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுக்க வேண்டுமே என்று ஒரு தாய் ஆடி மாதத்திலிருந்தே சீட்டுப் போட்டுச் சேர்த்து, டிசம்பர் இருபதாம் தேதி வாக்கில் டபிள்யூஜிசி ரோட்டுக் கடைக் கூட்டத்தில் நுழைகிறாளே, அதை விடப் பெரிய அதிசயம் இந்தப் பட்டியலில் எனக்கு வேறு இல்லை.

மார்கழிக்கு வருவோம். ஒரு பக்கம் திருச்செந்தூரில் அதிகாலையிலேயே நடை திறந்துவிடும். ஆழ்வார்திருநகரியில் திருப்பாவை. அதே இருட்டில், அதே பனியில், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் பஜனை! ஆர்மோனியம், டோலக், ஜால்ரா. மெய்ஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயக் கோபுரத்தின் உயரம் தெரியுமா? 192 அடி! பனங்காட்டுக்கு மேலே தலை நீட்டி நிற்கும். இரவில் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் பாடி, செபித்து, காப்பி குடித்து, கடைசி வீட்டுக்கு வரும்போது கோழி கூவியிருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குள் இருப்பது எந்த அண்ணன் என்று கண்டுபிடிப்பதே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வார வேலை.

அந்தப் பாட்டுகளுக்குப் பின்னாலும் நெல்லைச் சீமை இருக்கிறது. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தார். இரண்டாம் சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர்! குறி சொல்லும் குறத்தியை அப்படியே கிறிஸ்து பிறந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி இருக்கிறதே, அங்கே இருந்து தொண்டு செய்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அவர் பாடிய 'தேம்பாவணி' 3,615 பாடல் கொண்ட காப்பியம். அதன் நாயகன் யார் தெரியுமா? சூசையப்பர்! கிறிஸ்துமஸ் குடிலில் ஓரமாக, ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும் அந்த அப்பாவுக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டி, ஒரு முழுக் காப்பியத்தையே கொடுத்துவிட்டார் மனுஷர்!

புதுமாப்பிள்ளைக்குத் தலைத் தீபாவளி தெரியும். இங்கே தலைக் கிறிஸ்துமஸ்! பொங்கல்படி போலவே பெண் வீட்டிலிருந்து பலகாரம், துணிமணி எல்லாம் போகும். அக்கம்பக்கத்துத் தட்டுக் கணக்கு தனி. டிசம்பர் 25 காலையில் இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் கேக்கும் அச்சுமுறுக்கும் நிறைந்த தட்டு போகும். தட்டு காலியாகத் திரும்பக் கூடாது. சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். தீபாவளிக்கு அதிரசமும் பெருநாளைக்குப் பிரியாணியும் அந்தத் தட்டிலேயே திரும்பி வரும்.

2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 17, 18 தேதிகளில் வானம் கிழிந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! ஓராண்டில் பெய்யும் மழையை விட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் சென்னை ரயில் நடுவெள்ளத்தில் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடிக் கிராமத்தார் தங்களுக்கே வெள்ளம் என்ற நிலையிலும் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். சேறு வழித்த வீடுகளில் அந்த வருடம் பலகாரச் சட்டி ஏறியது குறைவு. ஆனாலும் 25-ஆம் தேதி கோயில் மணி அடித்தது, சனம் போனது.

கடலுக்கு அந்தக் கரையிலும் நம் கிறிஸ்துமஸ் உண்டு தெரியுமா? 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். தோணிகள் அதற்குப் பிறகும் சரக்கோடு போய்வந்தன. கொழும்பில் கடை வைத்திருந்த பரதவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊர் வர, கரையில் குடும்பமே காத்து நிற்கும். அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தோரை இலங்கை அரசு பரதர் என்று தனி இனமாகவே கணக்கெடுக்கிறது. அந்தத் தோணி உலகத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஜோ டி குரூஸ் எழுதிய 'கொற்கை' நாவலைப் புரட்டுங்கள். 2013-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

டிசம்பர் 25-ஓடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு! ஜனவரி 6 மூவிராசாக்கள் திருநாள். சில வீடுகளில் மூன்று ராசா பொம்மைகளையும் ஒட்டகத்தையும் முதலில் அலமாரி ஓரத்தில் வைத்துவிட்டு, தினம் ஒரு சாண் நகர்த்திக் குடிலுக்குக் கொண்டுவருவார்கள். அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் குடிலைக் கலைக்கலாம். முத்துக் கடலின் எதிர்க்கரையான மன்னாரில் இந்த மூன்று ராசாக்களுக்கென்று தமிழில் ஒரு கூத்தே இருக்கிறது: மூவிராசாக்கள் வாசாப்பு! ராசாக்கள் பாட்டோடு வருவார்கள், ஏரோது மன்னன் சீறுவான், அண்ணாவியார் தாளம் பிடிப்பார். எங்கேயாவது அது மேடையேறுகிறது என்று காதில் விழுந்தால் விடாதீர்கள். விடிய விடிய நடக்கும், கையோடு ஒரு பாயும் எடுத்துக்கொண்டு போங்கள்!